குடியும் நட்பும்: கொடுங்கோல் அரசுகளை மக்களாட்சி நாடுகள் ஆதரித்தல் குறித்த ஓர் அறநோக்கு

முன்னுரை

ஓர் அரசு தன் குடிமக்களை எவ்வாறு நடத்துகிறது என்பதை அளந்தறிய மக்களாட்சியில் பல வழிகள் உள்ளன. தேர்தல், சட்டமன்றம், நீதிமன்றம், நாளிதழ் ஆகியன அவற்றுள் சில. அதே அரசு, பிற நாட்டுக் குடிகளை ஒடுக்கும் ஆட்சியாளரோடு எவ்வகை நட்புக் கொள்கிறது என்பதை அளந்தறியும் வழிகளோ மிகச் சில. அயலுறவு வல்லுநர்க்கு உரிய துறை, அதில் குடிமக்களுக்குக் கருத்துச் சொல்ல இடமில்லை என்னும் எண்ணம் பரவலாக நிலவுகிறது. ஆயினும் அந்நட்பு குடிமக்களின் பெயராலும் வரிப்பணத்தாலும் நடைபெறுகிறது. ஆகவே அதன் பழியில் குடிமக்களுக்குப் பங்குண்டா, பங்குண்டெனில் அதனைத் தடுக்கும் உரிமை அவர்களுக்கு உண்டா என்னும் வினாக்கள் எழுகின்றன. இவ்வினாக்களை இந்தியாவுக்கும் பர்மா என முன்னர் வழங்கிய மியான்மருக்கும் இடையிலான உறவின் வரலாற்றை அடிப்படையாகக் கொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அற இலக்கியத்தில் குடியும் நட்பும்

திருக்குறள் அரசுக்குரிய உறுப்புகளாக ஆறனைச் சுட்டுகிறது. அவற்றுள் குடியும் ஒன்று; நட்பும் ஒன்று. இங்கு நட்பு என்பது தனிமனிதர் நட்பினை மட்டுமன்றி, ஓர் அரசுக்குத் துணையாகும் பிற அரசுகளின் நட்பினையும் குறிப்பதாகக் கொள்ளப்படுகிறது. இரண்டும் ஒரே உடலின் உறுப்புகள் என்பதால் ஒன்றை நலித்து மற்றொன்றை வளர்ப்பது அரசுக்கு நன்மையாகாது என்பது பெறப்படும். குடியின் மனத்தைப் புறக்கணித்துத் தேடும் நட்பு, உறுப்பொன்றை அறுத்து மற்றோர் உறுப்புக்கு ஊட்டுவதற்கு ஒப்பாகும்.

செங்கோன்மைக்கும் கொடுங்கோன்மைக்கும் தனித்தனி அதிகாரம் வகுத்த வள்ளுவர், சிற்றினஞ்சேராமையையும் அதே அரசியல் பகுதியில் வைத்துள்ளார். இவ்வைப்புமுறை நோக்கத்தக்கது. தான் கொடுங்கோலனாக இல்லாதிருப்பது மட்டும் அரசனுக்குப் போதாது. எவரோடு சேர்கிறான் என்பதும் அவன் அரசியலின் ஒரு கூறாகிறது. நட்பாராய்தல், தீநட்பு, கூடாநட்பு ஆகிய அதிகாரங்கள் இதனை மேலும் விரிக்கின்றன. அகத்தால் கூடாமல், காலம் வாய்க்கும்வரை புறத்தால் மட்டும் கூடியொழுகுவதைக் கூடாநட்பு என உரையாசிரியர் விளக்குவர். தம் நாட்டில் தேர்தலைப் போற்றிக்கொண்டே அயல்நாட்டில் தேர்தலை அழித்தவரோடு கைகோக்கும் அரசுகளின் நட்பு இவ்வகையைச் சார்ந்ததே எனலாம்.

அறம் நாட்டெல்லையோடு நின்றுவிடுவதில்லை என்பதற்கும் தமிழில் சான்றுண்டு. சிலப்பதிகாரத்தில் பாண்டியன் அவையில் வழக்குரைத்த கண்ணகி பாண்டிநாட்டுக் குடியல்லள்; சோழநாட்டுப் புகாரைச் சேர்ந்தவள். அயல்நாட்டவளுக்கு நேர்ந்த அநீதியே பாண்டியனின் கோலை வளைத்தது. புறநானூற்றில் கோவூர் கிழார் தம் மன்னன் கிள்ளிவளவனை நோக்கி, பகைவனாகிய மலையமானின் மக்களை யானைக் காலில் இடவேண்டா எனப் பாடித் தடுக்கிறார். பகைநாட்டுக் குழந்தைகளுக்காகத் தன் அரசனிடம் பரிந்து பேசும் உரிமையைப் புலவர் எடுத்துக்கொள்கிறார். அரசனும் அதற்குச் செவிசாய்த்ததாகவே மரபு கூறுகிறது. அயலுறவில் குடிமக்களின் குரலுக்கு இடமுண்டு என்பதற்கு இதனினும் பழமையான சான்று தேடவேண்டியதில்லை.

1885: மும்பையில் எழுந்த இரு குரல்கள்

இந்தியா, பர்மா உறவில் இவ்வினா முதன்முதலாகத் தெளிவுற எழுந்த இடங்களுள் மும்பையும் ஒன்று. மும்பையில் 1863இல் தொடங்கப்பட்ட பம்பாய் பர்மா வணிக நிறுவனம், மேல்பர்மாவின் தேக்குக் காடுகளில் மரம் வெட்டும் உரிமையைப் பெற்றிருந்தது. நெல்லை மாவட்டத்து மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டத்தின் வழியாகத் தமிழ்நாட்டார் அறிந்த நிறுவனமும் இதுவே. கணக்கில் காட்டியதைவிட மிகுதியாக மரம் வெட்டியதாகக் கூறி, மன்னர் தீபாவின் அவை 1885இல் இந்நிறுவனத்திற்குப் பெருந்தொகையைத் தண்டமாக விதித்தது. அதனையும் பிரெஞ்சுச் செல்வாக்குப் பற்றிய அச்சத்தையும் காரணமாகக் கொண்டு பிரித்தானிய அரசு படையெடுத்தது. 1886 சனவரி முதல் நாளில் மேல்பர்மா இணைக்கப்பட்டதாக அறிவிப்பு வெளியாயிற்று. தீபா கொங்கணக் கடற்கரையிலுள்ள இரத்தினகிரிக்கு நாடு கடத்தப்பட்டு, 1916இல் அங்கேயே இறந்தார்.

அதே 1885 டிசம்பர் இறுதியில் மும்பை கோகுல்தாஸ் தேஜ்பால் சமற்கிருதக் கல்லூரியில் இந்தியத் தேசியக் காங்கிரசின் முதல் மாநாடு கூடியது. சுதேசமித்திரன் நிறுவனர் ஜி. சுப்பிரமணிய ஐயர் அம்மாநாட்டின் முதல் தீர்மானத்தை முன்மொழிந்தார் என்பது தமிழர் அறிந்த செய்தி. அம்மாநாட்டின் தீர்மானங்களுள் ஒன்று மேல்பர்மா இணைப்பை ஏற்கவில்லை எனக் கூறியது. அதனை முற்றிலும் தன்னலமற்ற அறக்குரல் என்று மிகைப்படுத்த இயலாது. போர்ச்செலவு இந்திய வருவாயின்மீது விழும் என்னும் கவலை அதில் இருந்தது. இணைப்பு தவிர்க்க இயலாததாயின் பர்மாவை இந்தியாவினின்று பிரித்துத் தனிக் குடியேற்ற நாடாக ஆக்கவேண்டும் என்றும் அத்தீர்மானம் கோரியது. எனினும் தம் பெயராலும் பணத்தாலும் அயல்நாட்டில் நிகழ்வது குறித்துத் தம்மைக் கேட்கவேண்டும் என்னும் கோரிக்கை அதில் அடங்கியிருந்தது. ஒரே நகரத்தினின்று எழுந்த வணிகக் குரலும் மக்கட்குரலும் எதிரெதிராக நின்றபோது வணிகக் குரலே வென்றது.

இங்கு மற்றொன்றும் கருதத்தக்கது. தீபா மென்மையான மன்னர் அல்லர். அவர் பட்டத்திற்கு வந்தபின் 1879இல் அரச குடும்பத்தார் பலர் கொல்லப்பட்டனர். அக்கொடுமையைப் பிரித்தானியர் தம் படையெடுப்பிற்கு நியாயமாகக் காட்டினர். கொடுங்கோலரை ஆதரிப்பது எவ்வாறு தவறோ அவ்வாறே கொடுங்கோலைச் சாக்காக வைத்து நாட்டைக் கவர்வதும் தவறாகும். ஆகவே இக்கட்டுரை ஆராயும் வினா படையெடுக்கலாமா என்பது அன்று, தோள்கொடுக்கலாமா என்பதே.

1962க்குப் பின்: பர்மாத் தமிழரும் இந்திய அரசும்

விடுதலைக்குப் பின் இந்தியாவும் பர்மாவும் மக்களாட்சி நாடுகளாக நட்புக் கொண்டிருந்தன. 1962 மார்ச்சில் படைத்தலைவர் நே வின் ஆட்சியைக் கவர்ந்தார். வங்கிகளும் வணிகமும் அடுத்தடுத்த ஆண்டுகளில் நாட்டுடைமையாக்கப்பட்டன. செட்டியார், சிறுவணிகர், கூலித்தொழிலாளர் என வேறுபாடின்றி இந்திய வம்சாவளியினர் இலட்சக்கணக்கில் வெளியேற நேர்ந்தது. அவர்களுள் தமிழர் பெருந்தொகையினர். சென்னைக் கடற்கரையோரத்தில் 1969இல் உருவான பர்மா பசாரும், தமிழகத்தின் பல ஊர்களில் இன்றும் பர்மா குடியிருப்பு என வழங்கும் பகுதிகளும் அவ்வெளியேற்றத்தின் அடையாளங்கள். பிறந்த மண்ணுக்கே திரும்ப எண்ணித் தரைவழியாகச் சென்ற தமிழர் சிலர், எல்லையில் தடுக்கப்பட்டு மணிப்பூரின் மோரே என்னும் ஊரில் தங்கினர். அங்காளபரமேசுவரி கோயில் கட்டி அவர்கள் வாழ்ந்த அவ்வூர், ஒரு சர்வாதிகாரத்தின் விளைவாக உருவான தமிழூர் என்று கூறத்தக்கது.

இவ்வெளியேற்றம் நிகழ்ந்துகொண்டிருந்த காலத்திலேயே, 1965இல், நே வின் புதுதில்லிக்கு வந்தார். அவ்வாண்டு டிசம்பரில் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி இரங்கூன் சென்றார். 1967 மார்ச்சில் இரு நாடுகளும் எல்லை உடன்பாட்டில் கையெழுத்திட்டன. 1962ஆம் ஆண்டுச் சீனப் போரின் பின்னணியில் பர்மாவைப் பகைத்துக்கொள்ளாதிருப்பது இந்திய அரசின் கவலையாக இருந்தது. அக்கவலை பொருளற்றதன்று. ஆனால் அதன் விலையைச் செலுத்தியவர்கள் கப்பல்களில் வெறுங்கையோடு வந்திறங்கிய குடும்பங்கள். அவர்கள் விட்டுவந்த உடைமைக்குரிய இழப்பீடு எல்லை உடன்பாட்டைப் போல விரைந்து முடியும் பொருளாகவில்லை. நாட்டு நலன் என்னும் சொல்லின் பயன் ஒருவர்க்கும் அதன் சுமை வேறொருவர்க்கும் செல்வதை இந்நிகழ்வு காட்டுகிறது.

1988 முதல் 2010 வரை: நிலைமாற்றம்

1988 ஆகஸ்டில் பர்மிய மாணவரும் மக்களும் எழுச்சி கொண்டபோது இந்தியா வெளிப்படையாக அவர்கள் பக்கம் நின்றது. அகில இந்திய வானொலியின் பர்மிய மொழி ஒலிபரப்பு இராணுவ ஆட்சியைச் சாடியது. எல்லை தாண்டி வந்த மாணவர்க்கு அடைக்கலம் தரப்பட்டது. 1990ஆம் ஆண்டுத் தேர்தலில் போட்டி நிகழ்ந்த 485 இடங்களுள் 392 இடங்களை ஆங் சான் சூச்சியின் கட்சி வென்றும் ஆட்சி ஒப்படைக்கப்படவில்லை. தில்லியில் கல்வி பயின்ற சூச்சிக்கு 1993ஆம் ஆண்டுக்கான நேரு விருதை இந்தியா அளித்தது.

இந்நிலைப்பாடு 1990களில் படிப்படியாக மாறியது. வடகிழக்கு மாநிலக் கிளர்ச்சியாளர் மியான்மர்க் காடுகளில் தளம் அமைத்திருந்தமை, சீனாவின் செல்வாக்கு வளர்ந்தமை, எரிவாயுத் தேவை ஆகிய மூன்றும் இம்மாற்றத்திற்குக் காரணங்களாகக் கூறப்படுகின்றன. 1995இல் எல்லையில் இரு நாட்டுப் படைகளும் ஒருங்கிணைந்து செயற்பட்டன. 2004 அக்டோபரில் இராணுவ ஆட்சித் தலைவர் தான் சுவே அரசு விருந்தினராக வரவேற்கப்பட்டார். 2010 சூலையில் மீண்டும் வந்த அவர் இராஜ்காட்டில் காந்தியடிகள் நினைவிடத்தில் மலர்வளையம் வைத்தார். தேர்தல் முடிவைக் குப்பையில் எறிந்த ஒருவர் காந்தியடிகளுக்கு அஞ்சலி செலுத்தும் காட்சியை ஒரு மக்களாட்சி நாடு ஏற்பாடு செய்து கொடுத்தது.

2007 செப்டம்பரில் புத்த பிக்குகள் வீதியில் இறங்கி இராணுவ ஆட்சியை எதிர்த்தனர். போராட்டம் உச்சத்தை நெருங்கிய நாள்களில் இந்தியப் பெட்ரோலிய அமைச்சர் முரளி தேவ்ரா மியான்மரில் இருந்தார். ஆழ்கடல் எரிவாயுத் தேடலுக்கான உடன்பாடுகள் அப்போது கையெழுத்தாயின. சில நாள்களில் பிக்குகள்மீது துப்பாக்கிச்சூடு தொடங்கியது. மும்பை மாநகரத் தலைவராகவும் தென்மும்பையின் மக்களவை உறுப்பினராகவும் முன்னர் விளங்கியவர் தேவ்ரா. வாக்குக் கேட்டு வென்ற அரசியலாளர் ஒருவர் வாக்கையே மறுத்த ஆட்சியோடு உடன்பாடு காண்பது தனிமனிதக் குறை அன்று. எந்தக் கட்சி ஆண்டாலும் இக்கொள்கை பெரிதும் மாறவில்லை என்பதால் இதனை அரசமைப்பின் இயல்பாகவே கருதவேண்டியுள்ளது.

2010 நவம்பரில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஒபாமா இந்திய நாடாளுமன்றத்தில் உரையாற்றியபோது, பர்மா குறித்து இந்தியா வாய்திறப்பதில்லை எனக் குறிப்பிட்டார். ஈரானின் ஷாவையும் பாகிஸ்தானின் படைத்தலைவர்களையும் தாங்கிப்பிடித்த நாட்டிலிருந்து வந்த அறிவுரை என்பதால் அது இந்தியரிடம் எடுபடவில்லை. அயல்நாட்டார் கூறும் குற்றச்சாட்டு எளிதில் தள்ளத்தக்கது. உள்நாட்டுக் குடிமக்கள் எழுப்பும் வினாவை அவ்வாறு தள்ள இயலாது. 2021இல் அவ்வினா எழுந்தது.

2021: மிசோரத்தின் மறுப்பு

2021 பிப்ரவரி முதல் நாளில் மியான்மர் இராணுவம் மீண்டும் ஆட்சியைக் கவர்ந்தது. மார்ச் 10ஆம் நாள் இந்திய உள்துறை அமைச்சகம், எல்லையோர மாநிலங்களாகிய மிசோரம், மணிப்பூர், நாகாலாந்து, அருணாசலப் பிரதேசம் ஆகியவற்றிற்கு, எல்லை கடந்து வருவோரைத் தடுக்குமாறு எழுதியது. மார்ச் 18ஆம் நாள் மிசோரம் முதலமைச்சர் சோரம்தங்கா, அவ்வாணை தம் மாநிலத்திற்கு ஏற்புடையதன்று எனப் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். எல்லைக்கு அப்பாலுள்ள சின் மக்களும் மிசோ மக்களும் ஓரினத்தார். 1966இல் ஐசால் நகரம் வான்வழித் தாக்குதலுக்கு உள்ளான காலத்திலும் அதன்பின் 1986ஆம் ஆண்டு உடன்பாடு வரையிலும் மிசோக்களே எல்லை தாண்டிப் புகலிடம் தேடியவர்கள். எனவே புகலிடம் கேட்டு வந்தவர்களைத் திருப்பியனுப்பும் ஆணை அவர்தம் நினைவுக்கே மாறானது. மைய அரசின் நிதியுதவியை எதிர்நோக்கும் சிறு மாநிலமாக இருந்தும், தேவாலயங்களும் இளைஞர் அமைப்புகளும் ஊர்மக்களும் சேர்ந்து முப்பதாயிரத்திற்கும் மேற்பட்டோருக்கு உணவும் உறைவிடமும் அளித்தனர்.

மணிப்பூரில் நிகழ்ந்ததும் குறிப்பிடத்தக்கது. வருவோர்க்கு உணவும் உறைவிடமும் அளிக்க முகாம் திறக்கவேண்டா என அம்மாநில அரசு 2021 மார்ச் 26ஆம் நாள் ஆணையிட்டது. மக்களிடையே எழுந்த கண்டனத்தின் விளைவாக மூன்றே நாளில் அவ்வாணை திரும்பப் பெறப்பட்டது. கிள்ளிவளவனின் யானைகளை ஒரு புலவரின் சொல் நிறுத்தியதைப் போல ஓர் ஆணையைக் குடிமக்களின் சொல் நிறுத்தியது. அவ்வாண்டு மே மாதத்தில் மணிப்பூர் உயர்நீதிமன்றம், மியான்மரிலிருந்து வந்த எழுவர் தில்லி சென்று ஐ.நா. அகதிகள் ஆணையத்தை அணுக வழிசெய்தது. உயிருக்கு ஊறு நேரும் இடத்திற்கு ஒருவரைத் திருப்பியனுப்பாமை அரசமைப்புச் சட்டத்தின் 21ஆம் பிரிவுக்குள் அடங்கும் எனவும் அது கருதியது.

இதே காலத்தில் மைய அரசின் செயல் வேறு திசையில் இருந்தது. 2021 மார்ச் 27ஆம் நாள் நடைபெற்ற மியான்மர்ப் படைநாள் அணிவகுப்பில் பேராளரைப் பங்கேற்கச் செய்த எட்டு நாடுகளுள் இந்தியாவும் ஒன்று. அன்று ஒரு நாளில் மட்டும் மியான்மர் நகரங்களில் நூற்றுக்கும் மேற்பட்ட பொதுமக்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். அவ்வாண்டு சூன் 18ஆம் நாள் ஐ.நா. பொதுப்பேரவை, இராணுவ ஆட்சியைக் கண்டித்து ஆயுத வரத்தைத் தடுக்கக் கோரும் தீர்மானத்தை 119 நாடுகளின் ஆதரவோடு நிறைவேற்றியது. வாக்களிக்காது ஒதுங்கிய 36 நாடுகளுள் இந்தியாவும் இருந்தது. ஆட்சிக் கவர்வுக்குப் பின் இந்திய நிறுவனங்களிடமிருந்து, அரசு நிறுவனம் உட்பட, ஏறத்தாழ 5 கோடியே 10 இலட்சம் டாலர் மதிப்புள்ள ஆயுதங்களும் அவை தொடர்பான பொருள்களும் மியான்மருக்குச் சென்றதாக ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் 2023 மே மாதத்தில் பதிவு செய்தார். சின் மலைகளின் ஊர்களைத் தாக்கும் படைக்கு இந்தியாவிலிருந்து பொருள் செல்கிறது. அவ்வூர்களிலிருந்து தப்பி வந்தவர்க்கு இந்தியாவின் மற்றொரு மூலையில் மிசோத் தாய்மார் சோறிடுகின்றனர். இரண்டும் ஒரே குடியரசின் பெயரால் நிகழ்வன.

2024 பிப்ரவரியில் 1,643 கி.மீ. எல்லைக்கு வேலியிடுவதாகவும் எல்லையோர மக்களின் தடையற்ற நடமாட்ட ஏற்பாட்டை நீக்குவதாகவும் மைய அரசு அறிவித்தது. மிசோரம் சட்டமன்றம் அம்மாத இறுதியிலும் நாகாலாந்து சட்டமன்றம் மார்ச் தொடக்கத்திலும் இதனை எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றின. குடிமக்களின் விருப்பம் ஒருமுகமானது என்று கொள்வதும் பிழையாகும். அன்றைய மணிப்பூர் அரசு வேலியை வரவேற்றது. அங்குப் பள்ளத்தாக்கு மக்களின் அச்சமும் மலைமக்களின் உறவும் முரண்பட்டு நிற்கின்றன. விருப்பங்கள் முரண்படுவதனால் மக்களைக் கேட்கவேண்டா என்பது முடிவாகாது. முரண்படும் விருப்பங்களை அவையில் வைத்துப் பேசித் தீர்க்கும் முறைக்கே மக்களாட்சி என்று பெயர்.

நாட்டு நலன் என்னும் வாதம்

கொடுங்கோலரோடு நட்பினை ஆதரிப்போர் முன்வைக்கும் வாதம் வலுவானது. அண்டை நாட்டைத் தேர்ந்தெடுக்க இயலாது. அங்கு ஆள்வோருடன்தான் பேச முடியும். ஒருவர் விலகினால் அவ்விடத்தைச் சீனா நிரப்பும். எல்லையில் கொல்லப்படும் வீரனின் உயிரும் அறத்தின் ஒரு பகுதியே. இவை தள்ளத்தக்கன அல்ல. ஆயினும் மூன்று மறுப்புகள் எண்ணத்தக்கன.

முதலாவது, அந்நட்பு தருவதாகச் சொல்லப்படும் பயனை அது தருவதில்லை. அரக்கான் கடற்பகுதியின் சுவே எரிவாயு வயலில் இந்திய அரசு நிறுவனங்கள் பங்குதாரராக இருந்தும் அவ்வாயு சீனாவுக்கே விற்கப்பட்டது. குழாய்வழி 2013இல் சீனாவைச் சென்றடைந்தது. 2008இல் உடன்பாடு கண்ட கலாடன் போக்குவரத்துத் திட்டம் மிசோரத்தைக் கடலோடு இணைக்கவேண்டியது. சித்துவே துறைமுகம் 2023இல் திறக்கப்பட்டும், அத்திட்டத்தின் நடுவிடமாகிய பலேத்வா நகரம் 2024 சனவரியில் இராணுவத்தின் பிடியிலிருந்து அரக்கான் படையிடம் சென்றது. எந்த ஆட்சியோடு நட்புக் கொண்டால் வழி கிடைக்கும் என எண்ணப்பட்டதோ அந்த ஆட்சியிடம் அவ்வழியே இல்லாமற்போயிற்று. கொடுங்கோலன் உறுதியானவன் என்பது ஒரு மயக்கம். குடிகள் தாங்காத கோல் நெடுநாள் நிற்பதில்லை என்பதைத் தமிழ் அறநூல்கள் அரசனுக்கு எச்சரிக்கையாகக் கூறின. அது அவனோடு நட்புக் கொள்வோர்க்கும் எச்சரிக்கையாகும்.

இரண்டாவது, ஒடுக்கப்பட்ட மக்களின் நினைவு. 1953இல் ஈரானின் மொசாதெக் ஆட்சியைக் கவிழ்த்து ஷாவை வலுப்படுத்திய அமெரிக்காவும் பிரிட்டனும் 1979இல் அதன் விளைவைக் கண்டன. ஓர் அரசு மறந்துவிடும் உடன்பாட்டை அதனால் துன்புற்ற மக்கள் மறப்பதில்லை.

மூன்றாவதும் முதன்மையானதும், நாட்டு நலனை வரையறுப்பவர் யார் என்பதாகும். பிற நாட்டோடு உடன்பாடு செய்துகொள்ள இந்தியாவில் நாடாளுமன்றத்தின் முன் ஒப்புதல் தேவையில்லை. ஆயுத விற்பனை பற்றிய செய்தியும் எளிதில் வெளிவருவதில்லை. மக்களுக்குத் தெரியாமல் வரையறுக்கப்படும் நலனை மக்களின் நலன் என்பதற்கு அரசின் சொல் ஒன்றே சான்று. குடிகளுக்கு எது நன்மை என்பதைக் குடிகளைக் கேளாமலே அறிவோம் என்பதுதான் எல்லாச் சர்வாதிகாரிகளும் கூறும் சொல். அயலுறவில் அதே சொல்லைக் கூறும் மக்களாட்சி அரசு, அத்துறையின் அளவில், தான் நட்புக் கொண்டவரின் முறையையே மேற்கொள்கிறது.

குடிமக்கள் குரல் வென்ற தருணங்கள்

இது நடைமுறைக்கு ஒவ்வாத கனவு என்பார்க்கு வரலாற்றில் மறுமொழி உண்டு. 1971இல் கிழக்கு வங்கத்தில் பாகிஸ்தான் படை நிகழ்த்திய கொலைகளைக் கண்டும் நிக்சன் அரசு யாகியாகானை ஆதரித்தது. டாக்காவிலிருந்த அமெரிக்கத் துணைத்தூதரகத் தலைவர் ஆர்ச்சர் பிளட் முதலியோர் அவ்வாண்டு ஏப்ரலில் தம் அரசின் கொள்கையைக் கண்டித்துத் தந்தியனுப்பினர். அரசு கேட்கவில்லை, பிளட் இடம் மாற்றப்பட்டார். ஆனால் 1986 அக்டோபரில் தென்னாப்பிரிக்க நிறவெறி அரசுமீது தடை விதிக்கும் சட்டத்தை, குடியரசுத் தலைவர் ரீகனின் மறுப்பாணையை மீறி அமெரிக்கப் பேரவை நிறைவேற்றியது. பல்கலைக்கழகங்களிலும் தேவாலயங்களிலும் தொடங்கிய மக்கள் இயக்கமே அம்மாற்றத்தின் வேர்.

இந்தியாவோ இதில் உலகிற்கே முன்னோடி. தில்லையாடி வள்ளியம்மை போன்ற தமிழர் சிறைசென்று போராடிய தென்னாப்பிரிக்காவோடு, விடுதலைக்கு முன்பே 1946இல் இந்தியா வணிகத்தை முறித்துக்கொண்டது. அன்றைய ஏற்றுமதியில் ஏறத்தாழ 5 விழுக்காடு இதனால் இழக்கப்பட்டது. 1974இல் டேவிஸ் கோப்பை டென்னிசின் இறுதிப் போட்டிக்குத் தகுதி பெற்றும், எதிரணி தென்னாப்பிரிக்கா என்பதால் இந்தியா ஆட மறுத்தது. சென்னையைச் சேர்ந்த அமிர்தராஜ் உடன்பிறந்தார் அப்பெருவாய்ப்பை இழந்தனர். வறிய நாடாக இருந்த காலத்தில் ஏற்க முடிந்த இழப்பை வளர்ந்த பின் ஏற்க இயலாது என்பது பொருளாதாரக் காரணம் ஆகாது.

உறவும் ஆதரவும்

இவற்றால் ஒரு வேறுபாடு தெளிவாகிறது. கொடுங்கோல் அரசோடு உறவு வேறு, ஆதரவு வேறு. எல்லைப் பேச்சு, மீனவர் விடுதலை, பேரிடர் உதவி ஆகியன உறவு. 2025 மார்ச் நிலநடுக்கத்தின்போது இந்தியா மியான்மருக்கு மீட்புக் குழுவும் மருத்துவ உதவியும் அனுப்பியது. அது மக்களுக்குச் செய்த உதவி. ஆதரவினை அறிய மூன்று வினாக்கள் போதும். அக்கோலுக்கு ஆயுதம் தரப்படுகிறதா? அதற்குப் பெருமை சேர்க்கும் வரவேற்பு அளிக்கப்படுகிறதா? அதற்கு அஞ்சித் தப்பி வருவோர்க்கு வாயில் அடைக்கப்படுகிறதா? மூன்றனுள் ஒன்றுக்கு ஆம் என்பது விடையாயினும் உறவு ஆதரவாகிவிடுகிறது. அரசமைப்புச் சட்டத்தின் 51ஆம் பிரிவு நாடுகளிடையே நீதியும் மதிப்பும் வாய்ந்த உறவைப் பேணுமாறு அரசைப் பணிப்பதும் இவ்வேறுபாட்டை வலியுறுத்துவதாகவே கொள்ளலாம்.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வால் சில உண்மைகள் பெறப்படுகின்றன. தமிழ் அறமரபு, எவரோடு நட்புக் கொள்வது என்பதையும் செங்கோன்மையின் பகுதியாகவே கருதியது. 1885இல் மும்பையில் எழுந்த மக்கட்குரலும், 1960களில் பர்மாத் தமிழர் பட்ட துயரும், 2021இல் மிசோரம் காட்டிய மறுப்பும் ஒரே வினாவின் மூன்று வடிவங்கள். முதலாவது அயலவர் ஆட்சியில் எழுந்தது என்பதால் அதனைப் புறக்கணித்தவர்க்கு மக்களிடம் பொறுப்பில்லை. பின்னைய இரண்டும் மக்களே தேர்ந்த ஆட்சியில் நிகழ்ந்தன. ஆகவே அவற்றின் பொறுப்பு அரசோடு நிற்பதில்லை, தேர்ந்தவரையும் சாரும். அப்பொறுப்பை ஏற்கவேண்டிய குடிமகனுக்கு, அரசின் நட்பினை ஆராயும் உரிமையும் இருந்தாக வேண்டும். ஆயுத விற்பனையையும் பெரும் உடன்பாடுகளையும் நாடாளுமன்றத்தின் முன் வைத்தலும், எல்லையோர மாநிலங்களின் சட்டமன்றங்களைக் கேட்டபின் எல்லைக் கொள்கை வகுத்தலும், புகலிடத்திற்கென ஒரு சட்டம் இயற்றுதலும் அவ்வுரிமையின் குறைந்த அளவு வடிவங்களாகும்.

மியான்மரில் கோலோச்சுவோர் மாறக்கூடும். 2025 டிசம்பரில் தொடங்கிய தேர்தலைப் போன்ற ஏற்பாடுகளால் இராணுவம் புதிய உடை அணியவும் கூடும். எதிர்க்கட்சியைக் கலைத்தபின் நடத்தும் தேர்தலை எவ்வாறு கருதுவது என்பதை, தேர்தலைத் தம் பெருமையாகக் கருதும் இந்தியக் குடிமக்களைவிட நன்கறிந்தவர் எவரும் இலர். அவர்களைக் கேட்பதுதான் அரசின் கடன்.